பெரும்பாக்கத்தில் ஒரு பிரேக்!

தாம்பரத்திலிருந்து கோவளத்துக்கு சைக்கிளில் போகிறேன் என்று சொன்னால் ஜனங்கள் மூன்று கேள்வி கேட்கிறார்கள். 'ஏன், பஸ் இல்லையா?' என்பது முதல் கேள்வி. 'சைக்கிள் என்ன விலை?' என்பது இரண்டாவது. விலையைச் சொன்னதும் வருவது மூன்றாவது: 'இந்த விலைக்கு ஒரு நல்ல மோட்டார் பைக்கே வாங்கியிருக்கலாமே சார்?'

வாங்கியிருக்கலாம்தான். ஆனால் தொப்பை குறையாதே!

என் ஞாயிற்றுக்கிழமைப் பாதை ரொம்ப எளிது. காலை ஐந்தேகாலுக்கு சேலையூர் கேம்ப் ரோடு. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் தாண்டி மேடவாக்கம் கூட்டு ரோடு. அங்கே வலது கைப் பக்கம் திரும்பினால் பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர். ஓ.எம்.ஆரைக் குறுக்கே வெட்டி அக்கரை வழியாக ஈ.சி.ஆர். பிடித்தால் நேரே கோவளம். அங்கே ஒரு இளநீர். அப்புறம் வந்த வழியே வீடு. குறைத்த கலோரியையெல்லாம் வழியில் இரண்டு பொங்கல், ஒரு வடையில் ஈடு கட்டிவிடுவேன். டெபிட் என்று ஒன்று இருந்தால் கிரெடிட் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? பி.காம். படித்தவன் சார் நான்.

இந்தப் பாதையில் ஒரு ரகசியம் உண்டு. 'பாக்கம்' என்று முடியும் ஊர்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போகலாம். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், பெரும்பாக்கம். தெற்கே கொஞ்சம் ஒதுங்கினால் சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம். ஏரிகளையும் சதுப்பையும் ஒட்டிக் குடியேறிய பழைய கிராமங்கள் இவை. பக்கத்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் 'ராம்சார்' என்ற சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. சுமார் 1,248 ஹெக்டேர். குளிர் மாதங்களில் விடியற்காலை இந்தப் பக்கம் வந்து பாருங்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி என்று ஒரு பெரிய மாநாடே நடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகூட கண்ணில் படும். விசா இல்லாமல், வாடகை தராமல், புரோக்கர் கமிஷன் இல்லாமல் சென்னையில் தங்குகிற ஒரே கோஷ்டி அதுதான்.

தண்ணீர் உட்கார வேண்டிய இடத்தில் நாம் போய் உட்கார்ந்ததால், மழை வந்தால் தண்ணீர் நம் வீட்டில் வந்து உட்காருகிறது. 2015 டிசம்பரிலும் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம். இரண்டாவது முறை என் சைக்கிளும் தரைத்தள பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கத் தவம் செய்தது. வடிந்ததும் துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, 'எல்லாம் சரி' என்று எனக்கு நானே சர்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

இந்தக் கதையின் வில்லன் அந்த சர்டிஃபிகேட்தான்.

* * *

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் குடியிருப்புகள் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் பின் சக்கரம் 'புஸ்' என்றது. கையிலிருந்த ஒரே ஸ்பேர் ட்யூபை முந்தின வாரமே செலவழித்துவிட்டேன். புதுசு வாங்கி வைக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். சைக்கிள்காரர்கள் போடும் அந்த இரும்பு வைத்த ஷூவில் நடந்தால் பரதநாட்டிய அரங்கேற்றம் மாதிரி சத்தம் வரும். டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் குடியிருப்புகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகரத்தின் நடுவே கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். குடிசை மாற்று வாரியம் என்று 1970-ல் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கட்டியது. சுமார் இருபதாயிரம் வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமான குடும்பங்கள் வந்து சேர்ந்தன. மேடவாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் ஃபிளாட் வாங்கியவர்கள் இந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 'ராத்திரியில் அந்தப் பக்கம் போகாதீங்க' என்பார்கள். அதே ஊரில்தான் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்துக்கும் 2022 ஜனவரியில் புதுக் கட்டடம் திறந்தார்கள் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நானும் அப்படிக் குரலைத் தாழ்த்துகிறவன்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேப்பமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. கடை என்றால் ஒரு கம்ப்ரஸர், தண்ணீர்த் தொட்டி, தொங்குகிற நாலு டயர், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். பக்கத்தில் எட்டு வயசுப் பேரன்.

"இன்னா சார், டயர் இவ்ளோ ஒல்லியா கீது? பட்டினி போட்டியா?" என்றார்.

சிரித்தேன். அடுத்த நொடி சைக்கிளை ஒரு கையால் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்தார். சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில், சக்கரங்கள் ஆகாயத்தில். பஞ்சர் என்றால் சைக்கிளைக் கவிழ்ப்பது நம் நாட்டில் பரம்பரை வழக்கம். தாத்தா காலத்து சைக்கிளுக்கு அது சரி. கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக். கவிழ்த்தாலும் கம்பி கம்பிதான்.

என் சைக்கிளில் இருப்பது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். கம்பி கிடையாது. மெல்லிய குழாய் நிறைய எண்ணெய்.

அவர் சக்கரத்தைக் கழற்றி ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தபோது, பேரன் பிரேக் லீவரை 'டக் டக்' என்று அழுத்தி விளையாடினான். நான் செல்போனில் இருந்தேன். சக்கரத்தைத் திரும்பப் போடப் பார்த்தால் டிஸ்க் உள்ளே போகவில்லை. நடுவில் டிஸ்க் இல்லாதபோது லீவரை அழுத்தினால், இரண்டு பக்க பிரேக் பேடும் ஒன்றையொன்று முத்தமிட்டுக்கொள்ளும். பழைய சினிமாவில் இரண்டு பூக்கள் மாதிரி. அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"ஐயோ அண்ணே, வேணாம்!" என்று பாய்ந்தேன். இரும்பை விட்டு நெம்பினால் பேட் சிராய்ந்துபோகும், உள்ளே இருக்கிற பிஸ்டன் உடையலாம். பையிலிருந்த பிளாஸ்டிக் டயர் லீவரைக் கொடுத்தேன். அதை நடுவில் விட்டு மெதுவாக விரித்தார். இடம் கிடைத்தது. சக்கரம் உட்கார்ந்தது. பணத்தைக் கொடுத்துக் கிளம்பினேன்.

முன்னூறு மீட்டர் போயிருப்பேன். குடியிருப்பு வாசலிலிருந்து ஒரு சின்னப் பையன் கையில் பால் பாக்கெட்டோடு ரோட்டுக்குக் குறுக்கே ஓடி வந்தான். பின் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஹேண்டில்பார் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. பிரேக் பிடிக்கவே இல்லை. முன் பிரேக்கைப் பிடித்தேன். அது பாதிதான் பிடித்தது. ஒரு காலைப் பெடலிலிருந்து விடுவித்துத் தரையில் தேய்த்தேன். தீப்பொறி பறந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பையனுக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி. பால் பாக்கெட் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. அவன் அழவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"இன்னா அங்கிள்... இவ்ளோ பெரிய சைக்கிள்ல பிரேக்கு இல்லியா?"

பாலுக்குக் காசு கொடுத்தேன். கை நடுங்கியதில் எவ்வளவு கொடுத்தேன் என்று எண்ணவில்லை.

* * *

திரும்பி பஞ்சர் கடைக்கு வந்தபோது நான் மனிதனாக இல்லை.

"என்ன அண்ணே பண்ணீங்க என் சைக்கிளை? வர்றப்ப நல்லா இருந்துச்சு. உங்க கை பட்டதும் பிரேக் போச்சு! ஒரு குழந்தை மேல ஏத்தியிருப்பேன்!"

அவர் நிதானமாகக் கையைத் துணியில் துடைத்தார்.

"நான் ட்யூபைத்தான் சார் தொட்டேன். முப்பத்தஞ்சு வருசமா கவுத்துப் போட்டுத்தான் ஒட்டிக்கினு கீறேன்."

"இது அந்த மாதிரி சைக்கிள் இல்ல. தெரியாத வண்டியை ஏன் தொடணும்?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"சிந்தாதிரிப்பேட்ட பாலத்தாண்ட கடை வெச்சிருந்தேன் சார். அங்க எவனும் இப்டிப் பேசுனதில்ல. இங்க வந்த நாள்லேர்ந்து, எது ஒண்ணு கெட்டாலும் இந்த பில்டிங்காரன்தான் கெடுத்தான். வுடு, நமக்குப் பயகிப் போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபத்தில் இருப்பவனுக்கு சுருக்கென்பதும் கோபமாகத்தான் வெளியே வரும். பேசாமல் நின்றேன்.

அவரே எழுந்து வந்தார். சைக்கிளை நேராக நிறுத்தி, ஸ்டூலின் மேல் முன் சக்கரத்தைத் தூக்கி வைத்தார். ஹேண்டில்பார் உயரத்துக்குப் போனது. லீவரைச் சின்னச் சின்னதாக அழுத்தி அழுத்தி விட்டார். பத்து, இருபது, முப்பது தடவை. குழாயை விரலால் சுண்டினார். ஐந்து நிமிஷத்தில் லீவரில் கொஞ்சம் உயிர் வந்தது.

"பைக்குல டிஸ்க் பிரேக் பாத்துக்கிறேன் சார். இது உள்ள ஏர் லாக் ஆயிக்கீது. காத்து எப்பவும் மேலதான் போவும். கவுத்தா, மேல இருந்த காத்து பைப்புக்குள்ள பூந்துக்கும். நேரா நிறுத்தி அமுக்குனா திரும்ப மேல ஏறிடும். ஆனா ஒண்ணு..."

"என்ன?"

"காத்து நான் வெச்சதில்ல சார். அது மொதல்லயே உள்ள இருந்துக்கீது."

நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நன்றிகூடச் சொல்லாமல், கோவளத்தை ரத்து செய்துவிட்டு, நடைவேகத்தில் சேலையூர் திரும்பினேன்.

* * *

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளை பால்கனியில் போட்டு உட்கார்ந்தேன். காரணம் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு ஆபீஸ் நண்பர் ஒருவரோடு ஏலகிரிக்குப் போவதாகத் திட்டம். ஜோலார்பேட்டை வரை ரயில், அப்புறம் சைக்கிள். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஏறுவதற்குக் கால் வேண்டும். இறங்குவதற்குப் பிரேக் வேண்டும்.

முதலில் தத்துவம். பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த விதி: மூடிய பாத்திரத்தில் இருக்கிற திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போகும். லீவருக்குள் ஒரு சின்ன பிஸ்டன். சக்கரத்தின் அருகே கேலிப்பரில் பெரிய பிஸ்டன்கள். சின்னதில் ஒரு விரலால் அழுத்தினால் பெரியதில் பல மடங்கு விசை வரும். கார்களில் 1920-களிலேயே ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது. 1953-ல் லெ மான் கார்ப் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் சாலை சைக்கிள் பந்தயக்காரர்கள் மட்டும் ரொம்ப நாள் ஒப்புக்கொள்ளவில்லை. டிஸ்க் வெட்டும், கனம் அதிகம் என்று சண்டை. சர்வதேச சைக்கிள் சங்கம் முதலில் சோதனைக்கு அனுமதித்து, 2016-ல் நிறுத்தி, கடைசியில் 2018 ஜூலையில்தான் முழுசாக அனுமதித்தது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ஒன்றே ஒன்று. எண்ணெயை அமுக்க முடியாது. காற்றை அமுக்க முடியும். உள்ளே ஒரு குமிழி காற்று புகுந்தால், நீங்கள் கொடுக்கிற விசையெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதற்கே சரியாகப்போகும். சம்பளம் வந்ததும் கடன்காரன் வந்து நிற்கிற மாதிரி. பிரேக் பேடுக்கு எதுவும் போய்ச் சேராது.

என் மாதிரி ஆசாமிகளுக்காக, அன்றைக்கு நான் கற்றதை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேக் தன் வியாதியை நான்கு விதமாகச் சொல்லும்.

லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. நாலைந்து முறை வேகமாக அழுத்தினால் கெட்டியாகி, சற்று நேரத்தில் மறுபடி தொளதொளத்தால் சந்தேகமே வேண்டாம்.

பிரேக் பிடிக்கும்போது பன்றி மாதிரி 'கீஈஈ' என்று கத்தினால், பெரும்பாலும் பேடிலோ டிஸ்க்கிலோ எண்ணெய்ப் பசை. செயினுக்கு ஸ்பிரே அடித்தபோது தெறித்திருக்கும். அல்லது வடை தின்ற விரலால் டிஸ்க்கைத் தொட்டிருப்பீர்கள். டிஸ்க்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பேடை மாற்றுவதுதான் உத்தமம். புதுப் பேட் போட்டால் காலி ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்து, முழுசாக நிற்காமல் வேகத்தைக் குறைத்து, இப்படி இருபது தடவையாவது செய்து பழக்க வேண்டும். புது மருமகள் மாதிரி. முதல் நாளே முழு வேலை வாங்கக் கூடாது.

ஓட்டும்போது 'சிங்... சிங்...' என்று உரசினால் கேலிப்பர் நடுவில் இல்லை. அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி முடுக்கினால் தானாக நடுவுக்கு வரும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஒரு பக்கப் பேட் மட்டும் நகர்ந்து இன்னொன்று சண்டித்தனம் செய்தால் பிஸ்டன் அழுக்கேறி இறுகியிருக்கிறது.

நான்காவது, பிரேக் நன்றாகவே இருந்து, லீவர் மட்டும் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தால், பேட் தேய்ந்திருக்கலாம். தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப லீவருக்குள் இருக்கும் குட்டி டேங்க்கிலிருந்து எண்ணெய் இறங்கும். பேடின் இரும்புத் தகட்டுக்கு மேலே இருக்கிற பொருள் அரை மில்லி மீட்டர் ஆகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். இதோடு எங்காவது எண்ணெய் கசிந்த ஈரமும் தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

நான் பேடைக் கழற்றினேன். தகட்டின் மேல் ஒரு சோறு அளவுகூட இல்லை. ஒரு பக்கத்துப் பிஸ்டனைச் சுற்றி காய்ந்த சேறு. மிக்ஜாமின் ஞாபகார்த்தம்! அப்புறம் எண்ணெயை மாற்றுவதற்கான ஊசிக் குழலையும் புனலையும் மாட்டினேன். இந்த வேலைக்கு 'பிளீடிங்' என்று பெயர். பெயரைக் கேட்டு என் மனைவி ஓடி வந்து, யாருக்கு ரத்தம் என்று பார்த்தாள்.

லீவரின் மேலே புனல், கீழே கேலிப்பரில் ஊசிக் குழல். கீழேயிருந்து புது எண்ணெயை மெதுவாக மேலே தள்ள வேண்டும். பழைய எண்ணெயும் காற்றும் புனலில் வந்து சேரும். ஒரு முக்கியமான எச்சரிக்கை. எந்த எண்ணெய் என்பது பிரேக்கின் மேலேயே எழுதியிருக்கும். என்னுடையதில் 'மினரல் ஆயில் மட்டும்'. சில சைக்கிள்களில், மோட்டார் பைக்குகளில் இருப்பது 'டாட்' எண்ணெய். இரண்டும் மாமியார் மருமகள் போல. ஒன்றில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுப்போகும். டாட் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1 என்ற ரகம் புதுசில் குறைந்தது 260 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த உத்தரவாதம் 180-க்கு இறங்கிவிடும். மினரல் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் தண்ணீர் எப்படியாவது உள்ளே போய்விட்டால் கலக்காமல் அடியில், சூடு அதிகமான கேலிப்பரில் போய்த் தங்கும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும். ஆவியையும் அமுக்க முடியும். அப்புறம் மலை இறக்கத்தில் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்.

புனலில் வந்து சேர்ந்ததைப் பார்த்தேன். ரோஸ் கலரில் ஊற்றிய எண்ணெய் சாக்கடை நிறத்தில் வந்தது. குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சோடா மாதிரி.

சைக்கிள் வாங்கியபோது கொடுத்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பிரேக்கைக் காலாகாலத்தில் பார்த்து எண்ணெய் மாற்றச் சொல்லி அதில் இருந்தது. நான் வாங்கி இரண்டு வருஷம் பத்து மாசம். ஒரு தடவைகூட மாற்றவில்லை. சர்வீஸுக்குக் காசு கேட்டார்கள் என்று 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கம்பெனிக் கணக்கில் எல்லா இயந்திரத்துக்கும் பராமரிப்பு ஒதுக்கீடு போடச் சொல்லிக் கொடுத்தவன், சொந்த சைக்கிளுக்குப் பத்து பைசா ஒதுக்கவில்லை.

இன்னொரு விஷயமும் அன்றுதான் புரிந்தது. காற்றே இல்லாமல் எண்ணெய் நிரப்பிய பிரேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒன்றும் ஆகாது. மேலே டேங்க்கில் காற்று சேர்ந்திருந்தால்தான், கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் போகும். நேராக நிற்கும் வரைக்கும் அந்தக் காற்று மேலே ஒதுங்கி, 'நான் நல்லவன்' என்று நடித்துக்கொண்டிருக்கும்.

'காத்து நான் வெச்சதில்ல சார். அது மொதல்லயே உள்ள இருந்துக்கீது.'

அவர் கவிழ்த்திருக்காவிட்டால் நான் அடுத்த ஞாயிறு அதே தேய்ந்த பேடோடு, அதே சாக்கடை எண்ணெயோடு, ஏலகிரியில் இறங்கியிருப்பேன். எத்தனாவது வளைவில் எந்தப் புலவரின் காலடியில் விழுந்திருப்பேனோ! அதைவிட, சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும் கிளம்புமுன் நாலு முறை லீவரை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். நான் அதைக்கூடச் செய்யவில்லை. பால் பாக்கெட் பையனின் விஷயத்தில் கணக்கை எந்தப் பக்கம் புரட்டினாலும் குற்றம் என் பெயரில்தான் வந்து நின்றது.

ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. பிரேக் ஞாபகமில்லை. 'எது ஒண்ணு கெட்டாலும் இந்த பில்டிங்காரன்தான் கெடுத்தான்' என்றாரே, அந்த ஞாபகம்.

* * *

அடுத்த ஞாயிறு ஏலகிரியை ஒத்திப்போட்டேன். புதுப் பேட், புது எண்ணெய், இரண்டு ஸ்பேர் ட்யூப். நேராகப் பெரும்பாக்கம்.

வேப்பமரத்தடியில் ஒரு மாற்றம். கிளையிலிருந்து ஒரு கயிறு, நுனியில் கொக்கி. ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் சைக்கிள் சீட்டில் மாட்டி, பின் சக்கரம் அந்தரத்தில் தொங்க நின்றது.

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னா சார், மறுபடியும் பஞ்சரா?"

"இல்லண்ணே. அன்னிக்குத் தப்பு உங்க மேல இல்ல. நான்தான் மூணு வருஷமா எண்ணெய் மாத்தல. காத்து முதல்லயே உள்ள இருந்துச்சு. நீங்க சொன்னீங்க. நான் கேக்கல. நாலு பேர் முன்னாடி உங்களைப் பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க."

நாலு பேர் முன்னால் சொன்னேன். டீக்கடையில் அதே ஆட்கள்தான் இருந்தார்கள்.

அவர் ஒரு டயரை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். எடுத்த டயரையே திரும்ப இந்தப் பக்கம் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காரு சார். டேய், சாருக்கு ஒரு டீ சொல்லு" என்றார்.

டீ குடித்துக்கொண்டே பேசினோம். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு நாளைக்கு இருபது சைக்கிள் வருமாம். பள்ளிப் பிள்ளைகள், மீன் வியாபாரிகள், பேப்பர் போடுகிறவர்கள். இங்கே வந்த முதல் வருஷம் தொழிலே இல்லை. வீடு எட்டு மாடி உயரத்தில் வந்தது, பிழைப்பு இருபது கிலோமீட்டர் தூரத்திலேயே நின்றுவிட்டது. லிஃப்ட் நின்றுபோன நாட்களில் கம்ப்ரஸரைத் தோளில் சுமந்து இறங்கியிருக்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் மாதிரி ஆட்கள் ஈ.சி.ஆருக்குப் போக வர இந்தப் பக்கம் வருவதால் கொஞ்சம் வருமானம்.

"அதான் சார் கயிறு கட்டிட்டேன். ஒல்லி டயரு வண்டி வந்தா கவுக்கறதில்ல. தொங்க வுட்டுத்தான் கயட்றது. பையனும் இப்ப பிரேக்கத் தொட மாட்டான்."

பேரன் ஒரு சின்ன அட்டைத் துண்டை எடுத்துக் காட்டினான். சக்கரத்தைக் கழற்றினால் பேட்களுக்கு நடுவே செருகி வைப்பதற்காம். கடைகளில் பிளாஸ்டிக்கில் விற்கிற சமாச்சாரம். இவர்கள் பிஸ்கட் டப்பாவை வெட்டித் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள்.

நான் எழுந்து சைக்கிளைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"அண்ணே, கவுங்க."

"இன்னாத்துக்கு சார் வம்பு?"

"கவுத்துப் பாருங்க. சரியா எண்ணெய் ஏத்தியிருந்தா ஒண்ணும் ஆகக் கூடாது. நான் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கேனான்னு நீங்கதான் சொல்லணும்."

ஒரு நிமிஷம் யோசித்தார். ஒரு கையால் தூக்கிக் கவிழ்த்தார். சக்கரங்கள் ஆகாயத்தில் சுற்றின. பத்து நிமிஷம் அப்படியே கிடந்தது. அதற்குள் இன்னொரு டீ. பிறகு குனிந்து, தலைகீழாக இருந்த லீவரை அழுத்தினார். கல் மாதிரி நின்றது. இன்னொன்றையும் அழுத்தினார். அதுவும் கல்.

நேராக நிமிர்த்தி என் கையில் கொடுத்தார்.

"நல்லா ஏத்திக்கீற சார்" என்றார். அப்புறம் என் முன் டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் பக்கம் நடந்தார்.

"பிரேக்கு ஓகே. ஆனா காத்து கம்மியா கீது. அத்தயும் பாக்கறதில்லியா நீ?"